தனபாக்கியத்தின் மேகம்

தனபாக்கியத்தின் வாயிலிருந்து முதல் மேகம் வெளியே வந்தது காலை வெயில் நன்றாக ஏறி, மெலாத்திச் சந்தில் எல்லா வீட்டுக் கம்பியிலும் துணி காய்ந்துகொண்டிருந்த நேரத்தில் என்பதால், அதைப் பார்த்தவர்களுக்கு முதலில் வந்தது ஆச்சரியமில்லை, எரிச்சல்தான். அவள் வாசற்படியில் நின்று இருமினாள். இருமலோடு தலையணை அளவுக்கு வெள்ளையாக ஒன்று வெளியே வந்து, ரம்புத்தான் மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி, சந்தைக் கடந்து, எதிர்வீட்டுப் பரிபூரணம் காயப்போட்டிருந்த கைலிகளின் மேல் போய் உட்கார்ந்து அவற்றைத் திரும்பவும் ஈரமாக்கியது.

"இருமுறதுதான் இருமுற, கொஞ்சம் அந்தப் பக்கமாத் திரும்பி இருமக் கூடாதா, தனம்?" என்று பரிபூரணம் கேட்டாள்.

"மன்னிச்சுக்கங்கக்கா," என்றாள் தனபாக்கியம். அடுத்த மேகத்தை வீட்டுக்குள் திரும்பி இருமினாள்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுண்ணாம்பு மலைகளுக்கு நடுவே ஒரு கிண்ணத்தின் அடியில் கிடப்பதுபோல் கிடக்கிற பத்து தீமா, வெயிலுக்குப் பேர்போன ஊர். அந்தக் காலத்தில் ஈயம் தோண்டிவிட்டு அப்படியே விட்டுப்போன குளங்கள்கூட மத்தியானத்தில் வெந்நீராகத்தான் இருக்கும். அப்படிப்பட்ட ஊரில் ஒரு பெண்பிள்ளை மேகத்தை இருமினால் அது அவள் உடம்பு விவகாரம், மற்றவர்களுக்கு அதில் என்ன வேலை என்று கேட்கலாம். ஆனால் மெலாத்திச் சந்து மூக்கை நுழைக்காமல் விட்ட விவகாரம் என்று அதுவரை ஒன்றுகூட இருந்ததில்லை.

தனபாக்கியத்தின் கணவர் சன்னாசி பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். பிள்ளையில்லாத வீடு, ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் ஏற்றி இறக்கி அந்தக் குறையை அவர் தீர்த்துக்கொண்டார். தினமும் காலையில் பஸ்ஸைக் கிளப்பும் முன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "இன்னிக்கு உனக்கு என்ன திங்கணும்?" என்று கேட்பார். "எதுன்னாலும்," என்பாள் அவள். சாயங்காலம் அவர் ஏதாவது ஒன்றைப் பிளாஸ்டிக் பையில் தொங்கவிட்டுக்கொண்டு வருவார். ஒருநாள் வாழைப்பழப் பஜ்ஜி, ஒருநாள் அவித்த கடலை, ஒருநாள் அவருக்கே பெயர் தெரியாத ஏதோ ஒரு பலகாரம். அவள் சாப்பிடுவாள். கல்யாணமான நாள் முதல் இப்படியே போய்க்கொண்டிருந்தது. கடைசியில் ஒருநாள் மனிதருக்கே அலுத்துவிட்டது. "வாயத் தொறந்து ஒன்னக் கேட்டா முத்து உதுந்துருமா?" என்றார்.

பாவமாக இருந்தது அவளுக்கு. "சரி, தௌ ஃபூ ஃபா வாங்கிட்டு வாங்க," என்றாள். சோயாப் பாலைத் தயிர்போல உறையவைத்து, மேலே சூடாக இஞ்சிப் பாகு ஊற்றித் தருவார்களே, அது. ஊர்ச் சந்தையான பசாருக்குப் பின்னால் ஒரு சீனர் தள்ளுவண்டியில் விற்பார். சன்னாசி முகமெல்லாம் பல்லாக இரண்டு தடவை ஹார்ன் அடித்துவிட்டுப் போனார். சாயங்காலம் கடைசிப் பிள்ளையையும் இறக்கிவிட்டு, பஸ்ஸை பசாருக்குப் பின்னால் திருப்பி, வாங்க வேண்டியதை வாங்கி, திரும்ப ஏறி உட்கார்ந்து, ஸ்டீயரிங்கின் மேல் தலையைச் சாய்த்தார். ஹார்ன் நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்ததைக் கேட்டுத்தான் ஆட்கள் ஓடிவந்தார்கள்.

நான் கேட்டேன், அதனால் அங்கே போனார், அங்கேயே போய்விட்டார். தனபாக்கியம் போட்ட கணக்கு இவ்வளவுதான். அதை யாரிடமும் அவள் சொல்லவுமில்லை, யாரும் திருத்தவுமில்லை. இனி யாரிடமும் எதையும் கேட்பதில்லை, யார் எதைக் கொடுத்தாலும் வேண்டாம் என்பதுமில்லை என்று மனசுக்குள் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டாள். சாவு வீட்டில் அவள் அழவில்லை. அழவில்லையே என்று நாலு பேர் பேசினார்கள். கருமாதி முடிந்த மறுநாள் இருமல் வந்தது.

இருமல் சத்தம் முதலில் எட்டியது பரிபூரணத்தின் காதுக்கு. ஊரில் யார் தும்மினாலும் அம்மியைக் கழுவுகிறவள் அவள். சுக்கு, மிளகு, திப்பிலி, வேலியோரத்துக் கற்பூரவல்லி எல்லாம் தட்டிப் போட்டுக் காய்ச்சி, சொம்பைச் சேலைத் தலைப்பால் பிடித்துக்கொண்டு வந்தாள். "நெஞ்சுல குளுமை ஏறிப்போச்சு. சூட்டக் குடுத்தாத்தான் எறங்கும்," என்றாள். தனபாக்கியம் கண்ணில் நீர் வரக் குடித்தாள். அது கஷாயத்தின் கண்ணீர்தான், வேறில்லை.

அடுத்து எட்டியது பக்கத்து வீட்டு சூ லானுக்கு. சந்தில் எல்லோருக்கும் அவள் 'ஆ சோ', சீனத்தில் அண்ணி. பிறந்ததே மெலாத்திச் சந்தில் என்பதால் தமிழ் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவள் சுவர்ப் பக்கம் நின்று இருமலைக் காது கொடுத்துக் கேட்டாள். காய்ந்த இருமல். சளியே இல்லை. "தொண்டை வறண்டுபோச்சு, சூடு ஏறிப்போச்சு. குளிர்ச்சி குடுக்கணும்," என்று தீர்மானித்து, தனபாக்கியத்தின் கையைப் பிடித்துத் தெருமுனை மருந்துக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

தரையிலிருந்து கூரை வரை சின்னச் சின்ன இழுப்பறைகள் வைத்த கடை அது. உள்ளே வைத்தியர், சின்சே லியோங், ஓர் எலும்பும் ஒரு கண்ணாடியுமாக உட்கார்ந்திருப்பார். சின்ன வயதில் ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகளோடு கோலி விளையாடித் தமிழ் கற்றுக்கொண்டவர் என்பதால் கோயில் தலைவரானாலும் சரி, பல்லுப்போன கிழவரானாலும் சரி, எல்லோரும் அவருக்கு 'நீ'தான். யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. அவர் தனபாக்கியத்தை நாக்கை நீட்டச் சொன்னார். பிறகு ஒரு கை மணிக்கட்டில் மூன்று விரலை வைத்துக் கண்ணை மூடினார், அப்புறம் இன்னொரு கை.

"உன் நுரையீரல்ல துக்கம் உக்காந்திருக்கு," என்றார். "கோபம் வந்தா கல்லீரலுக்குப் போவும். பயம் சிறுநீரகத்துக்கு. கவலை மண்ணீரலுக்குப் போனா சோறு எறங்காது. துக்கம் நுரையீரலுக்கு. பழைய புஸ்தகத்துல இது எல உதிர்ற காலத்துல வரும்னு எழுதியிருக்கு. இந்த ஊர்ல அப்படிக் காலமே கெடையாது. அதனால அது இஷ்டத்துக்கு வருது. அழுதியா?"

"இல்ல."

"அழு."

"வரல."

"அப்ப பேரிக்காய் சாப்பிடு," என்றார். பேரிக்காயைக் கற்கண்டும் வெள்ளைக் காளானும் போட்டு நீராவியில் வேகவைத்துக் காலையும் மாலையும் சாப்பிட வேண்டும். இஞ்சி கூடாது, மிளகு கூடாது, எண்ணெயில் பொரித்தது கூடாது, துரியான் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது. ஐஸ் தண்ணீரும் கூடாது, அது வயிற்றுக்குள் இருக்கும் அடுப்பை அணைத்துவிடும். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டு அவள் வீட்டுக்கு வந்தால், வாசலில் பரிபூரணம் சொம்போடு நிற்கிறாள். வாங்கிக் குடித்தாள்.

அன்றிலிருந்து காலையில் மிளகு, பத்து மணிக்குப் பேரிக்காய், சாயங்காலம் சுக்கு, விளக்கு வைத்ததும் திரும்பப் பேரிக்காய். முன்வாசல் வழியாக வருகிறவள் பரிபூரணம், அடுக்களை வாசல் வழியாக வருகிறவள் சூ லான். "வேற ஒன்னும் சாப்பிடலியே?" என்று இருவரும் கேட்பார்கள். "இல்ல," என்று இருவரிடமும் சொல்லுவாள். சூடும் குளிர்ச்சியும் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டால் என்ன உண்டாகும் என்று வானிலை ஆபீஸ் பியூனைக் கேட்டிருந்தால்கூடச் சொல்லியிருப்பான். ஆனால் இரண்டும் ஒரே நெஞ்சுக்குள் இறங்குவது தனபாக்கியத்துக்கு மட்டும்தான் தெரியும்.

மேகத்தைப் பார்த்து இரண்டு வைத்தியக்காரிகளுக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. உள்ளே கட்டியிருந்த சளி ஆவியாகி வெளியேறுகிறது, எல்லாம் என் கஷாயத்தின் வேலை என்று பரிபூரணம் குழாயடியில் சொன்னாள். உள்ளே இருந்த சூடு புகைந்து வெளியேறுகிறது, பேரிக்காய் கேட்கிறது என்று சூ லான் காப்பிக்கடையில் சொன்னாள். மருந்து வேலை செய்யும்போது நிறுத்துகிற முட்டாள் எங்கேயும் உண்டா? பரிபூரணம் பூண்டைச் சேர்த்தாள், நாட்டுக்கோழியை மிளகு ரசத்தில் போட்டாள். சூ லான் அல்லிக் கிழங்கைச் சேர்த்தாள், செவ்வந்திப் பூ டீயை ஃபிளாஸ்க் நிறையக் கொண்டுவந்தாள். மேகங்கள் தலையணையிலிருந்து மெத்தையாகி, மெத்தையிலிருந்து பந்தலாகி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சந்தின் தலைக்குமேல் ஒரே மேகமாக நின்றன.

சந்து அதற்குப் பழகிப்போனதுதான் வேடிக்கை. முதல் வாரம் துணி காயவில்லை என்று சண்டை. அடுத்த வாரம் எல்லோரும் துணியை ரயில் பாதையோரம் கொண்டுபோய்க் காயப்போட்டுவிட்டு, மேகத்தின் அடியில் நாற்காலி போட்டு உட்கார ஆரம்பித்தார்கள். காப்பிக்கடை முதலாளி தவுக்கே காற்றாடிகளை நிறுத்திவிட்டு மேசைகளைத் தனபாக்கியத்தின் வீட்டுப் பக்கமாகத் திருப்பிப் போட்டார். தபால்காரர் சைக்கிள் மணியை அடித்துக்கொண்டே வந்தார், பட்டப்பகலில் கார்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தன. மலைமேல்தான் பூக்கும் என்று சொல்லப்பட்ட ரோஜாக்கள் சாக்கடையோரத்துச் சட்டிகளில் பூத்தன. பக்கத்து ஊர்களிலிருந்து கல்யாண ஜோடிகள் படம் எடுக்க வந்து, தனபாக்கியத்தைக் கொஞ்சம் தள்ளி நின்று இருமச் சொன்னார்கள். தீமிதிக்கு அவள் வந்து குழியோரம் உட்கார்ந்தால் பக்தர்களுக்கு இதமாக இருக்கும் என்று கோயில் கமிட்டியில் ஒருவர் சொல்ல, அப்புறம் அதற்குப் பேர் தீமிதியா என்று இன்னொருவர் எழுந்துநிற்க, கூட்டம் கைகலப்பில் முடிந்தது. சின்னப் பள்ளிவாசலான சுராவுக்குத் தொழப்போகும் பெரியவர்கள் மத்தியானத்தில் அவள் வீட்டைக் கடக்கும்போது நெஞ்சில் கைவைத்து நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். அவளும் பதிலுக்குத் தலையை அசைப்பாள். பேச அவளுக்கு மூச்சு போதவில்லை.

இதைத்தான் யாரும் கவனிக்கவில்லை. மேகம் கொழுக்கக் கொழுக்க அவள் இளைத்தாள். முதலில் கோயிலுக்குப் போவது நின்றது, பிறகு வாசல் கூட்டுவது நின்றது, பிறகு அடுப்படிக்குப் போவதற்கே நடுவில் ஒரு தடவை உட்கார வேண்டியிருந்தது. வளையல் முழங்கை வரை ஏறியது. மேகமோ ஒரு சொட்டுகூட மழையாக விழாமல் தொங்கிக்கொண்டே இருந்தது. வேண்டாம் என்று யாரிடமாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் சன்னாசி போன பிறகு அந்த வீட்டுக்குள் வந்த காலடிச் சத்தம் இரண்டே இரண்டுதான், ஒன்று முன்வாசலில், ஒன்று பின்வாசலில். ஒரு சொம்பை வேண்டாம் என்றால் ஒரு காலடி நின்றுபோகும் என்று அவளுக்குப் பயம். மூச்சு முட்டுவதைவிட அந்தப் பயம் பெரிதாக இருந்தது, பாவம்.

நோயாளி வீட்டுக்குப் போவது சின்சே லியோங்குக்குப் பழக்கமில்லை. நோய்தான் காலால் நடந்து கடைக்கு வர வேண்டும் என்பது அவர் கட்சி. ஆனால் மேகம் தெருமுனையை எட்டி இழுப்பறைகளுக்குள் புகுந்து, காயவைத்த வேர்களெல்லாம் முளைவிட ஆரம்பித்ததும் அவர் குடையை எடுத்துக்கொண்டு கோபமாகக் கிளம்பிவிட்டார். தனபாக்கியத்தின் வாசலில் கோபம் இறங்கிவிட்டது. பிரம்பு நாற்காலியில் ஒரு சேலை மடித்துவைத்த மாதிரி அவள் கிடந்தாள். அவர் தரையிலேயே உட்கார்ந்து அவள் மணிக்கட்டில் மூன்று விரலை வைத்தார். கண்டுபிடிக்க வெகுநேரம் ஆகவில்லை.

"உள்ள ரெண்டு பேரு சண்ட போடுறாங்க," என்றார். "ஒருத்தன நான் அனுப்பினேன். இன்னொருத்தன் யாரு?"

அவள் பதில் சொல்லும் முன்பே முன்வாசலில் பரிபூரணம் சொம்போடு நுழைந்தாள். அடுக்களை வாசலில் சூ லான் ஃபிளாஸ்க்கோடு நுழைந்தாள். கூடத்தின் நடுவே ஒருத்தி கையில் இருந்ததை ஒருத்தி பார்த்தாள்.

"காஞ்ச இருமலுக்கு மிளகா?" என்றாள் சூ லான். "எரியுற வீட்டுல மண்ணெண்ணெய ஊத்துறியா நீ?"

"நெஞ்சுச் சளிக்குப் பேரிக்காயா? ஐஸ்கட்டியத் தூக்கி நெஞ்சுமேல வச்சாலும் அது இதுக்கு மேலு!"

"என் பேரிக்காய்தான் வேல செஞ்சுது!"

"உன் பேரிக்காய்தான் கெடுத்துச்சு!"

"ரெண்டு பேரும் வாய மூடு," என்றார் சின்சே. மணிக்கட்டிலிருந்து விரல்களை எடுத்தார். "நாக்கப் பாத்தேன், கையப் பாத்தேன், அடுப்படியப் பாக்கல. அது என் தப்பு. நீ ஏன் சொல்லல?"

"ஆசையாக் கொண்டாந்தாங்க," என்றாள் தனபாக்கியம். வார்த்தைக்கு ஒரு மூச்சு எடுக்க வேண்டியிருந்தது. "எப்படி... வேணாம்ங்கிறது?"

சொம்பு ஒரு பக்கமும் ஃபிளாஸ்க் ஒரு பக்கமும் மெதுவாகத் தரைக்கு இறங்கின. இரண்டு பெண்களுக்கும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"சரி, ரெண்டும் வேணாம்," என்றார் சின்சே. "வயிறு ஒரு பிள்ள மாதிரி. ஊர்ல உள்ளவனையெல்லாம் கேட்டோம், அதக் கேக்கல. நீ சொல்லு. உனக்கு என்ன திங்கணும்?"

அவருக்கு எப்படித் தெரியும், அந்த வார்த்தைகள் யாருடையவை என்று? தனபாக்கியம் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். விரலிடுக்கில் கொஞ்சம் மேகம் கசிந்தது.

"எதுன்னாலும்," என்றாள் கைக்குள்ளிருந்து.

"எதுன்னாலும்னு ஒரு சாப்பாடு என் புஸ்தகத்துல இல்ல. நல்லாக் கேட்டுக்க. மேகம் இன்னும் பெருசாவும், நீ இன்னும் சின்னதாவ. ஒருநாள் இந்த நாற்காலியில மேகம் மட்டுந்தான் உக்காந்திருக்கும். சொல்லு."

"சொல்லேன்டி," என்றாள் பரிபூரணம்.

"நான் கேட்டா ஆளு செத்துருவாங்கக்கா."

பிறகு தனபாக்கியம் நிறுத்தி நிறுத்தி, மூச்சு கிடைத்த இடத்திலெல்லாம் ஒரு வாக்கியமாகச் சொன்னாள். எதுன்னாலும் எதுன்னாலும் என்று காலமெல்லாம் சொன்னதை, ஒருநாள் வாய் திறந்ததை, தௌ ஃபூ ஃபா என்று கேட்டதை, அவர் அங்கே போனதை. "அந்த வண்டிக்காரரு பைய என் கையில கொண்டாந்து குடுத்தாரு. பை சூடா இருந்துச்சுக்கா. அப்புறந்தான் அவரக் கொண்டாந்தாங்க. தொட்டுப் பாத்தேன். அவரு ஆறிப்போயிட்டாரு. பை ஆறல."

பரிபூரணம் அவள் காலடியில் தொப்பென்று உட்கார்ந்தாள். "அடிப் பாவி, இதையா இத்தன நாளா உள்ள வச்சிருந்த? அன்னிக்குக் காலையில ரெண்டு தடவ ஹார்ன் அடிச்சாரே, நான் வாசல்லதான் நின்னேன். என்னண்ணே விசேஷம்னு கேட்டேன். 'என் பொண்டாட்டி வாயத் தொறந்து ஒன்னு கேட்டுட்டா தங்கச்சி'ன்னாரு. தீபாவளி மாதிரி இருந்துச்சு அந்த மனுஷன் மொகம். உனக்குத் தெரியும்னுல்ல நான் சொல்லாம விட்டேன்!"

"அவன் இருதயம் ரொம்ப நாளா சரியில்ல," என்றார் சின்சே, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே. "என்கிட்ட வந்தான். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன்னேன், போவல. உன்கிட்ட சொல்லாதேன்னான். நீ கேட்டதுனால சாவல. கடைசி நாளு சந்தோஷமா இருந்தான், அது நீ கேட்டதுனால. இப்பச் சொல்லு. என்ன திங்கணும்?"

தனபாக்கியம் வாயிலிருந்து கையை எடுத்தாள்.

"தௌ ஃபூ ஃபா," என்றாள். "சூடா. இஞ்சிப் பாகு ஊத்தி."

சின்சே லியோங் பழக்கதோஷத்தில் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். சோயா குளிர்ச்சி. இஞ்சி சூடு. இரண்டும் ஒரே கிண்ணத்தில், ஒன்றை ஒன்று அடித்துக்கொள்ளாமல். அவர் இரண்டு பெண்களையும் நிமிர்ந்து பார்த்தார், அவர்கள் அதற்குள் எழுந்திருந்தார்கள்.

தள்ளுவண்டிக்காரர் அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகு பசாருக்குப் பின்னால் வருவதையே விட்டிருந்தார். அதனால் என்ன, சூ லான் வீட்டில் சோயா ஊறிக்கொண்டிருந்தது. அவள் அரைத்துப் பிழிந்து காய்ச்சி உறையவிட்டாள். இஞ்சிக்கும் சர்க்கரைப் பாகுக்கும் பரிபூரணம் பொறுப்பு. தனபாக்கியத்தின் அடுப்படியிலேயே செய்தார்கள். இஞ்சி எவ்வளவு போடுவது என்பதில் இருவருக்கும் சண்டை வந்து, பிடித்துவைத்திருந்த மிச்சக் கோபமெல்லாம் அங்கே தீர்ந்தது. வாசனை சந்துக்குள் இறங்கியதும் காப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்துவந்து ஜன்னலருகே நின்றார்கள்.

கிண்ணத்தை அவள் கையில் கொடுத்தார்கள். கிண்ணம் சூடாக இருந்தது. அன்றைக்கு அந்தப் பை எவ்வளவு சூடாக இருந்ததோ, அவ்வளவு. தனபாக்கியம் அதை வெகுநேரம் இரண்டு கையிலும் வைத்துக்கொண்டிருந்தாள், பிறகு ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தாள். மெல்ல வேண்டிய தேவையே இல்லாமல் அது தானாக இறங்கியது, பின்னாலேயே இஞ்சியின் உறைப்பு இறங்கியது. நன்றாக இருந்தது. அவர் போன பிறகு முதல்முறையாக ஒன்று நன்றாக இருந்தது. அதுதான் அவளை உடைத்தது. "ஏங்க," என்று ஒரு குரல் கொடுத்தாள், பஸ்ஸைப் பார்த்துக் கூப்பிடுவதுபோல. பிறகு சாவு வீட்டில் அழாததையெல்லாம் சேர்த்துவைத்து அழுதாள், மார்பில் அடித்துக்கொண்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு, சிந்தின கையாலேயே இன்னொரு கரண்டி எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டு. பரிபூரணமும் சூ லானும் ஆளுக்கொரு பக்கம் கட்டிக்கொண்டு அழுதார்கள். சின்சே குடையை விரித்துக்கொண்டு வெளியே போனார், ஏனென்றால் அவருக்குத் தெரியும்.

மேகம் உடைந்து கொட்டியது. ரயில் பாதையோரத்துத் துணிகளையும் கல்யாண ஜோடி ஒன்றையும் சேர்த்து நனைத்து, ஈயக் குளங்கள் நிரம்பும்வரை கொட்டியது. அந்த மழை லேசாக இனித்தது என்று காப்பிக்கடைத் தவுக்கே இன்றும் சொல்லுவார். அவர் சொல்வதில் பாதியைத் தள்ளிவிடலாம்.

மறுநாள் பழைய வெயில் வந்துவிட்டது. காற்றாடிகள் சுற்ற ஆரம்பித்தன, ரோஜாக்கள் கருகின. சந்தில் சிலர் தனபாக்கியத்தைப் பார்க்கும்போது, இன்னும் கொஞ்சம் இருமினால்தான் என்னவாம் என்பதுபோல் பார்த்தார்கள். அவளுக்கு இருமல் இல்லை. வாசல் கூட்டினாள், மூச்சு வாங்கவில்லை. சொம்பு வரவில்லை, ஃபிளாஸ்க்கும் வரவில்லை. நோய் போனால் காலடியும் போகும் என்று பயந்தது சரியாய்ப் போயிற்று என்று நினைத்துக்கொண்டு, வாசலில் துடைப்பத்தோடு அவள் நின்றபோது எதிர்வீட்டுக் கதவு திறந்தது.

பரிபூரணம் கூடையும் குடையுமாக வெளியே வந்தாள். "பசாருக்குப் போறேன்," என்றாள். "இன்னிக்கு உனக்கு என்ன திங்கணும்?"

எதுன்னாலும் என்ற வார்த்தை தனபாக்கியத்தின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதை விழுங்கினாள்.

"கெம்போங் மீனு," என்றாள். "சின்னதா இருக்கணும்க்கா."

"பெரிய மகாராணி," என்று சொல்லிவிட்டுப் பரிபூரணம் நடந்தாள். சந்து முனையில் திரும்பி மறைந்தாள்.

தனபாக்கியம் துடைப்பத்தைச் சுவரில் சாத்தினாள். கூட்ட வேண்டியது பாதி கிடந்தது. உள்ளே போகக் கால் வரவில்லை. வெயில் படியில் ஏறியது, படியிலிருந்து சுவரில் ஏறியது. மெயின் ரோட்டில் எங்கோ ஒரு ஹார்ன் அடித்தபோது அவள் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அது நின்றுவிட்டது, யாரோ யாரையோ ஒதுங்கச் சொன்ன ஹார்ன். சூ லான் பின்வாசலிலிருந்து வந்து, ஒன்றும் கேட்காமல், ஒன்றும் கொண்டுவராமல், பக்கத்தில் நின்றாள். இருவரும் சந்து முனையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

கடைசியில் குடை தெரிந்தது. குடைக்குக் கீழே வேர்த்து விறுவிறுத்து, மீன்காரனையும் வெயிலையும் ஒரே மூச்சில் திட்டிக்கொண்டு பரிபூரணம் வந்தாள். "என்னடி, போனதுலேர்ந்து இங்கயேவா நிக்கிற?" என்று கேட்டுக்கொண்டே பையை நீட்டினாள்.

தனபாக்கியம் பையை வாங்கவில்லை. பையைப் பிடித்திருந்த கையைப் பிடித்து, சின்சே வைப்பதுபோல மணிக்கட்டில் மூன்று விரலை வைத்தாள். நடந்துவந்த வேகத்தில் அது திடுதிடுவென்று அடித்துக்கொண்டிருந்தது. அவள் விரலை எடுக்காமல் கேட்டுக்கொண்டே நின்றாள்.

"என்னத்தப் பாக்குற?" என்றாள் பரிபூரணம்.

"ஒன்னுமில்லக்கா," என்றாள் தனபாக்கியம். "மீனு சின்னதாத்தான வாங்கியிருக்கீங்க?"